கடை எரிந்த பிறகு வங்கியில் நடப்பது

2021 ஜூலை 12, திங்கட்கிழமை. காலை ஆறு மணி இருக்கும். எங்கள் கிளை மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது: யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம், இன்று கிளை திறக்காது. கொரோனா ஊரடங்கிலேயே திறந்திருந்த கிளை அது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டெபாசிட் வாங்கியிருக்கிறோம். அந்தக் கதவு மூடும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். கணவர் குடும்பம் நான்கு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த குடும்பம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீடு. வங்கியில் சிறு வியாபாரிகளுக்கான கடன் பிரிவில் எனக்கு வேலை. மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, சலூன், மசாலா அரைக்கிற மில் என்று என் மேஜையில் இருக்கும் கோப்புகள் எல்லாம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற கடைகள். அன்று காலை மாடியில் நின்று பார்த்தபோது, தூரத்தில் மூன்று இடங்களில் புகை எழும்பியது. எந்தப் புகை எந்தக் கோப்பு என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

பயங்கரவாதம் வங்கிகளை எப்படிப் பாதிக்கும் என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த ஜூலைதான் நினைவுக்கு வருகிறது. அதையே பயங்கரவாதம் என்று நான் சொல்ல வரவில்லை. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதும் வெடித்த கலவரமும் கொள்ளையும் அது. அதிபர் ராமபோசா அதைக் கிளர்ச்சி முயற்சி என்றார், அவருடைய அமைச்சரே முதலில் அப்படியில்லை என்றார். 350க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனிலேயே, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை, ஆறியது போல எழுதவும் கூடாது. ஆனால் வங்கிக்குள் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு ஒன்று தெரியும். குண்டு வைத்தாலும் கும்பல் கொளுத்தினாலும், அடி வங்கிக்கு வந்து சேரும் வழி ஒன்றுதான். இந்த நாட்டின் காப்பீட்டுச் சட்டமே இரண்டையும் ஒரே பெட்டியில்தான் போட்டிருக்கிறது.

முதல் நான்கு நாட்கள் பணம் இருந்தும் பணம் இல்லாத நாட்கள். டர்பனையும் ஜோஹன்னஸ்பர்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் பக்கம் லாரிகளைக் கொளுத்திப் போட்டிருந்தார்கள். துறைமுகம் முடங்கியது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மூடியது. ரொக்கம் ஏற்றிவரும் கவச வண்டி எந்தத் தெருவுக்கும் வர முடியவில்லை. ஏடிஎம் ஒன்று காலி, இன்னொன்று சுவரோடு பெயர்ந்து கிடக்கிறது. ரொட்டிக்கு வரிசை விடிகாலை நான்கு மணிக்கே தொடங்கும். ஒரு கடையில் ரொக்கம் மட்டும் வாங்குவார்கள், அடுத்த தெருவில் கார்டு மட்டும், ஏனென்றால் கல்லாவில் பணம் சேர்ந்தால் பயம். என் மாமியார் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். பத்து ராண்ட், இருபது ராண்ட் நோட்டாக எண்ணூற்றுச் சொச்சம் இருந்தது. "பேங்க்ல வேலை பாக்குற மருமக, கையில இருநூறு ராண்ட் இல்ல" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அன்றிலிருந்து ஒரு வாரச் செலவுக்கான ரொக்கத்தைச் சில்லறை நோட்டாக வீட்டில் வைத்திருக்கிறேன். பெரிய நோட்டு அந்த மாதிரி நேரத்தில் உதவாது, யாரிடமும் மீதி கிடைக்காது. இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டும் வேண்டும். ஒன்றின் கணினி நின்றாலும் மற்றது ஓடும்.

அந்த வாரம் என் கைபேசிக்கு வந்த அழைப்புகளில் பாதி ஒரே கேள்வி: "அக்கா, வங்கியில பணம் தீந்துபோச்சாமே, எடுத்துரலாமா?" யாரோ குரல் பதிவு ஒன்றைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். வங்கியில் பணம் இருக்கிறது, உங்கள் தெருவுக்குக் கொண்டுவரத்தான் வண்டி இல்லை. இரண்டும் வேறு வேறு. ஆனால் நூறு பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால், இல்லாத பஞ்சம் உண்மையாகவே வந்துவிடும். நம் டெபாசிட்டை வங்கி பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்திருக்கிறது. அது தவணை தவணையாகத்தான் திரும்பும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால், நல்ல நிலையில் இருக்கிற வங்கிகூடத் திணறும். பயத்தை உண்டாக்க நினைக்கிறவன் வங்கியைத் தொடவே வேண்டாம், வதந்தி ஒன்று போதும்.

இதை முன்பே நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் அமெரிக்க மத்திய வங்கிக்காரர்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் மற்ற வங்கிகளின் கொடுக்கல் வாங்கலை முடித்துவைக்கும் நியூயார்க்கின் பெரிய வங்கி ஒன்றின் தொலைத்தொடர்பு அறுந்து, அதன் வழியாகப் போக வேண்டிய பணமெல்லாம் நடுவழியில் நின்றது. அதற்கு வரவேண்டியது வந்துகொண்டே இருந்தது, அது அனுப்ப வேண்டியது போகவில்லை. அதனால் ஒரு தவறும் செய்யாத மற்ற வங்கிகள் பணத்துக்குத் தவித்தன. விமானங்கள் பறக்கத் தடை இருந்ததால், அந்தக் காலத்தில் விமானத்தில் போய்க்கொண்டிருந்த காசோலைகளும் தேங்கின. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அன்றே ஓர் அறிக்கை விட்டது, ஓரிரு வரிதான்: நாங்கள் திறந்திருக்கிறோம், கடன் வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் ஒரே நாளில் வங்கிகள் அங்கே வாங்கிய கடன் 4,500 கோடி டாலருக்கு மேல். வழக்கமான நாட்களில் வாங்குவது அதில் மிகச் சிறு பங்குதான். பங்குச் சந்தை 17ஆம் தேதி திறந்தபோது விலைகள் விழுந்தன, ஆனால் பணம் கைமாறுவது நிற்கவில்லை. எங்கள் பயிற்சி வகுப்பில் இதைப் பாடமாகப் படித்தபோது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. ரொட்டி வரிசையில் நின்றபோதுதான் அந்த ஓரிரு வரியின் அருமை புரிந்தது.

எட்டு ஒன்பது நாள் கழித்து எங்கள் கிளையைத் திறந்தோம். கண்ணாடி உடைந்திருந்தது, பின்பக்க அறை தப்பித்தது. திறந்த மூன்றாம் நாள் ஒரு பாட்டி வந்தார். சாட்ஸ்வர்த்தில் இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரை, கறிவேப்பிலை விற்கிறவர். பல வருடப் பழக்கம். புடவைத் தலைப்பிலிருந்து ஐந்து நோட்டுகளை எடுத்து என் மேஜையில் விரித்தார். நோட்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாயம் ஊறி, நடுப்பக்கம் வரை வழிந்திருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஏடிஎம்மை உடைத்தால் உள்ளே இருக்கிற சாயக் குப்பி வெடித்து நோட்டெல்லாம் கறைபடும். அப்படிக் கறைபட்ட நோட்டுக்கு மதிப்பு கிடையாது, வாங்காதீர்கள் என்று தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. யாரோ இளைஞன் அதைக் கொடுத்து அவரிடம் முழுக் கூடையையும் வாங்கிப் போயிருக்கிறான். "குங்குமக் கறை மாதிரி இருக்கு, கழுவுனா போயிரும்னு நெனச்சேன்" என்றார். கழுவியும் பார்த்திருக்கிறார். நோட்டு சுருங்கி மடமடவென்று இருந்தது. என்னால் மாற்றிக் கொடுக்க முடியவில்லை. அதைச் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. நோட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: அவசரத்தில் நோட்டின் ஓரத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். குறிப்பாக ஏடிஎம் உடைப்பு நடந்த அடுத்த சில வாரங்களில்.

உடைந்த கண்ணாடி, போன ரொக்கம், இதெல்லாம் வங்கிக்குப் பெரிய அடி இல்லை. பெரிய அடி இரண்டு மாதம் கழித்து, கடன் தவணைத் தேதியில் சத்தமில்லாமல் வந்தது.

என் கோப்புகளில் ஒரே சாலையில் இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று ஹார்டுவேர் கடை, அதை நடத்துகிற அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும், அப்பா காலத்துக் கடை. இன்னொன்று ஓர் அங்கிளின் துணிக்கடை. இருவருக்கும் எங்கள் வங்கியில் கடன், இருவரின் கடையும் ஒரே இரவில் போனது. அங்கிளுக்கு ஆறேழு மாதத்தில் காப்பீட்டுப் பணம் வந்தது, கடையைக் கட்டித் திறந்துவிட்டார். அண்ணனுக்கு ஒரு ராண்ட் வரவில்லை. இருவரும் மாதா மாதம் பிரீமியம் கட்டியவர்கள்தான்.

வித்தியாசம் ஒரே சொல்: சாஸ்ரியா. தென்னாப்பிரிக்காவில் கடை வைத்திருக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல நினைவில் வைத்திருக்க வேண்டிய சொல் அது. 1976இல் சொவேட்டோ எழுச்சிக்குப் பிறகு, அரசியல் காரணத்தால் வரும் சேதத்துக்குப் பணம் கொடுக்கமாட்டோம் என்று தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. அதனால் 1979இல் சாஸ்ரியா உருவானது. இன்று அது அரசு நிறுவனம். கலவரம், வேலைநிறுத்தம், பொதுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதத்தை இந்த நாட்டில் அதுதான் ஏற்கும். மற்ற நிறுவனங்களின் சாதாரணத் தீ காப்பீட்டில் இவையெல்லாம் விலக்கு. மின்கசிவில் கடை எரிந்தால் அவர்கள் பணம் கொடுப்பார்கள், தீப்பந்தத்தில் எரிந்தால் கொடுக்கமாட்டார்கள். சாஸ்ரியா பாலிசியைத் தனியாக வாங்க முடியாது, சாதாரண பாலிசியோடு ஒட்டித்தான் வரும். அடிப் பாலிசி தவணை கட்டாமல் காலாவதியானால் இதுவும் சேர்ந்து போய்விடும்.

அண்ணனின் பாலிசியை அவருடைய புரோக்கர் இரண்டு வருடத்துக்கு முன்பு "செலவைக் குறைக்கிறேன்" என்று மாற்றி எழுதியபோது சாஸ்ரியா பிரிவையே எடுத்துவிட்டார். மாதத்துக்கு மிச்சமானது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கையெழுத்துப் போட்ட தாளை அண்ணன் படிக்கவில்லை. எங்கள் வங்கியிலும் ஒருவரும் படிக்கவில்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். கடன் கொடுக்கும்போது பாலிசியில் வங்கியின் உரிமையையும் பதிவு செய்கிறோம், இழப்பீடு வந்தால் முதலில் கடன் கழியும். அவ்வளவு அக்கறையாகப் பெயரைச் சேர்க்கிற நாங்கள், வருடா வருடம் புதுப்பிக்கும்போது என்ன மாறியது என்று பார்ப்பதில்லை. அந்தக் கோப்பில் கடைசிக் கையெழுத்து என்னுடையது.

இப்போது நான் எந்த வியாபாரியிடமும் பாலிசி இருக்கிறதா என்று கேட்பதில்லை, கொண்டு வாருங்கள் என்கிறேன். மேஜையில் விரித்து நாலு இடத்தைப் பார்க்கிறேன். சாஸ்ரியா பிரிவு இருக்கிறதா? கட்டடத்துக்கு மட்டுமா, சரக்குக்கும் உண்டா? வியாபாரம் நின்ற மாதங்களின் வருமான இழப்புக்கு உண்டா, ஏனென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டெலிவரி வண்டி தனிப் பாலிசியில் இருந்தால் அதிலும் இந்தப் பிரிவு இருக்கிறதா? அப்புறம் தொகை. பத்து லட்சம் ராண்ட் சரக்கை ஆறு லட்சத்துக்குக் காப்பீடு செய்துவிட்டு, பாதிச் சரக்கு எரிந்தால் ஐந்து லட்சமும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. மதிப்பில் 60 சதவீதம்தானே காப்பீடு செய்தீர்கள், அதனால் நஷ்டத்திலும் 60 சதவீதம், மூன்று லட்சம்தான் என்று கணக்குப் போடுவார்கள்.

இழப்பீடு கேட்கும்போது இன்னொரு சிக்கல். சரக்குக் கணக்கு, பில், வரித் தாள்கள் எல்லாம் கடைக்குள்ளேயே இருந்து கடையோடு எரிந்துவிடும். துணிக்கடை அங்கிள் தப்பித்தது அவருடைய மகளால். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் கடை முழுக்க நடந்து கைபேசியில் வீடியோ எடுத்து, மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைப்பாளாம். அலமாரி அலமாரியாக, ஒவ்வொரு கட்டையும் தொட்டுக் காட்டி விலை சொல்லி எடுத்திருந்தாள். காப்பீட்டு ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு மறு கேள்வி கேட்கவில்லை. போலீஸில் புகார் எண் வாங்குவதையும் தள்ளிப்போடாதீர்கள், அந்த எண் இல்லாமல் எதுவும் நகராது.

இந்தியாவில் இருக்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2001க்குப் பிறகு உலகம் முழுக்க, காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பயங்கரவாத சேதத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டன. அதனால் 2002இல் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பை ஏற்படுத்தின. பிரிட்டனில் அதற்கு முன்பே, 1992இல் லண்டன் நிதி வட்டாரத்தில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டுக்குப் பிறகு, 1993இல் இப்படி ஒன்று வந்தது. இந்தியாவிலும் உங்கள் கடைப் பாலிசியில் பயங்கரவாதம் என்ற பிரிவைத் தேடிப் பாருங்கள். அது கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டியதாக இருக்கலாம்.

சரி, அண்ணனுக்கு இழப்பீடு வரவில்லை, இதில் வங்கி எங்கே ஆடுகிறது? அவர் தவணை கட்டவில்லை. அவர் அடமானம் வைத்தது அந்தக் கடை, அது இப்போது கரி. பக்கத்து மனைகளின் விலையும் இறங்கிவிட்டது, எரிந்த சாலையில் யார் வாங்குவார்கள்? திரும்ப வராது என்று தோன்றும் கடனுக்கு ஈடாக வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு அண்ணன் என்றால் தாங்கும். ஒரே மாதத்தில் ஒரே வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான கடைகள் என்றால், அந்த ஒதுக்கீடு லாபத்தைத் தின்று மூலதனத்தில் கை வைக்கும். எங்களுடையது போன்ற பெரிய வங்கிக்கு நாடு முழுக்கக் கடன் பரவியிருப்பதால் இந்த வட்டாரத்து நஷ்டம் ஒரு கீறல். ஒரே ஊரை நம்பி நடக்கிற சிறு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ அதுவே உயிர்ப் பிரச்சினை.

அதைவிட எனக்கு வலித்தது அடுத்து வந்த சுற்றறிக்கை. எங்கள் வட்டாரத்தில் புதிய கடனுக்கு நிபந்தனையை இறுக்கினார்கள். எரியாத கடைக்காரருக்கும் கடன் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. வங்கி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்கும் அதே முடிவு, ஊரை எழவிடாமல் செய்கிறது. ஊர் எழாவிட்டால் பழைய கடனும் திரும்பாது. இந்தச் சுழல்தான் உண்மையான ஆபத்து என்பது என் அனுபவம். அதை அறுத்தது சாஸ்ரியா பணம்தான். அந்த ஜூலைக்காக அது கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 3,200 கோடி ராண்ட். அவ்வளவு அதன் கையில் இல்லை. அரசு கஜானாவிலிருந்து 2,000 கோடிக்கு மேல் போட்டுத் தாங்கிப் பிடித்தார்கள். கடைக்குப் பின்னால் வங்கி, வங்கிக்குப் பின்னால் காப்பீடு, அதற்குப் பின்னால் அரசு. கடைசியில் நிற்பவர் வரி கட்டுகிறவர்.

தவணை கட்ட முடியாமல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் டெபிட் ஆர்டர் பணமில்லாமல் திரும்பிய பிறகு வராதீர்கள், திரும்புவதற்கு முன்னால் வாருங்கள். முன்னால் வந்தால் மூன்று மாதம் தள்ளிவைக்க என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது. பின்னால் வந்தால் கோப்பு வேறு மாடிக்குப் போய்விடும், அங்கே உங்களை யாருக்கும் தெரியாது.

பயங்கரவாதத்தின் இன்னொரு கை வங்கிக்குள் நீள்வது காகிதங்களின் வழியாக. 2023 பிப்ரவரியில் சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழு தென்னாப்பிரிக்காவைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதலாகக் கண்காணிக்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் வைத்தது. கறுப்புப் பணத்தையும் பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தையும் இந்த நாடு சரியாகத் தேடிப் பிடிப்பதில்லை என்பது குற்றச்சாட்டு. அதற்கு முந்தைய வருடம், ஐ.எஸ். அமைப்புக்குப் பணம் அனுப்பியதாக இங்கே இருந்த சிலர் மேல் அமெரிக்கா தடை விதித்தது. டர்பனில் இருந்த நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. வடக்கே மொசாம்பிக்கின் காபோ டெல்காடோவில் அந்த அமைப்பின் பெயரால் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. 2021இல் பால்மா நகரம் தாக்கப்பட்டபின் அங்கே நடந்துவந்த பெரிய எரிவாயுத் திட்டமே நின்றது. ஆகவே இது காகிதக் குற்றச்சாட்டு மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். சாம்பல் பட்டியலில் விழுந்த நாட்டின் வங்கியோடு வெளிநாட்டு வங்கிகள் இரட்டிப்பு எச்சரிக்கையாக நடக்கும். ஒவ்வொரு தொகைக்கும் கேள்வி வரும், தாமதமாகும், செலவு கூடும். பக்கத்தில் மொரிஷியஸ் 2020இல் விழுந்து 2021இல் வெளியே வந்தது. எங்களுக்கு 2025 அக்டோபர் வரை ஆயிற்று.

அந்தக் காலத்தில் எங்கள் கோயில் கமிட்டி, தமிழ்நாட்டில் முன்னோர் ஊர்க் கோயிலின் குடமுழுக்குக்குப் பணம் திரட்டியது. என் கணவர் பொருளாளர். பணம் மூன்று வாரம் நடுவில் நின்றது. வீட்டில் எனக்குத்தான் திட்டு. காரணம் தேடியபோது இரண்டு தெரிந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் தொண்டு அமைப்புகள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2022இன் சட்டத் திருத்தம் சொல்லியிருந்தது, கமிட்டி செய்திருக்கவில்லை. இரண்டாவது, பெறுகிறவரின் பெயர். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஒரு தாளில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியது வேறு மாதிரி. தடைப் பட்டியலோடு பெயர்களை ஒப்பிடும் கணினிக்கு அவை மூன்று மனிதர்கள். அந்த மூவரில் ஒருவர் பட்டியலில் இருக்கும் யாரையோ ஒத்துப்போனால் பணம் நிற்கும். விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்தியா 1992இலும் அமெரிக்கா 1997இலும் தடை செய்தன. 2009இல் போர் முடிந்தும் தடைகள் நீடிக்கின்றன. டாலராகப் போகும் பணம் பெரும்பாலும் நியூயார்க் வழியாகத்தான் போகும், அங்கேயும் ஒப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒரு வாடிக்கையாளர், தங்கையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனுப்பிய பணம் பதினொரு நாள் நின்றபோது என் எதிரே உட்கார்ந்து அழுதார். அவருடைய பெயர் பொதுவான பெயர், அவ்வளவுதான் காரணம். கொழும்பில் 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியின் வாசலில் லாரிக் குண்டு வெடித்து 90க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது அவர் அங்கே பள்ளி மாணவர். வங்கி வரிசையில் நின்று செத்தவர்களையும் எனக்குத் தெரியும், பெயருக்காக வரிசையில் நிற்கிறவனும் நான்தான் என்று சொன்னார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் நம்மால் முடிகிறது சில உண்டு. எல்லாத் தாளிலும் பெயர் ஒரே எழுத்துக் கோர்வையில் இருக்கட்டும். காரணம் என்ற கட்டத்தில் "உதவி" என்று எழுதாதீர்கள், யாருக்கு, எதற்கு, எந்த ஊர் என்று எழுதி, பில்லை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். இங்கே 50,000 ராண்டை எட்டும் ரொக்கத்தை வங்கி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்குப் பயந்து பணத்தைத் துண்டு துண்டாகக் கட்டினால் அதுதான் உண்மையான சந்தேகத்தை உண்டாக்கும். நண்பரின் பணத்தை உங்கள் கணக்கு வழியாக அனுப்பிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். கவுண்டரில் இருக்கிற பெண் ஏன் நிற்கிறது என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பினால் கோபப்படாதீர்கள். சந்தேக அறிக்கை அனுப்பியிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்வதே சட்டப்படி குற்றம்.

என் மாமனாருக்கு இந்தக் கேள்விகள் எதுவும் பிடிக்காது. நிறவெறி அரசு 1967இல் கொண்டுவந்த பயங்கரவாதச் சட்டத்தில் அவருடைய நண்பர்கள் உள்ளே போனவர்கள். மண்டேலாவின் பெயரே 2008 வரை அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. "யார் பட்டியல் எழுதுறாங்கன்னு முதல்ல பாரு" என்பார். அவர் சொல்வதில் இருக்கிற நியாயத்தை நான் மறுப்பதில்லை. ஆனால் அவருடைய ஓய்வூதியம் வந்து விழுகிற கணக்கும் அதே வங்கியில்தான் இருக்கிறது. அந்த வங்கியை வெளிநாட்டு வங்கிகள் கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இருவரும் ஒத்துப்போகவில்லை, ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம்.

டெபாசிட் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஆண்டுகளில் நடந்த ஒரு நல்ல காரியம், 2024 ஏப்ரல் 1 முதல் இங்கே வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. வங்கி விழுந்தால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் ராண்ட் வரை திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் சேமிப்பு இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள். என் மாமியாரின் சீட்டுக் குழுவில் பன்னிரண்டு பெண்கள், அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. முதலில் நம்பவில்லை. இப்போது குழுவின் பணம் டின்னில் இல்லை, அவசரத்துக்கான எண்ணூறு ராண்ட் மட்டும் டின்னில் இருக்கிறது.

ஹார்டுவேர் அண்ணன் இரண்டு வருடம் வண்டியின் பின்பக்கம் ஆணியும் பெயிண்டும் வைத்து விற்றார். போன மார்ச்சில் பழைய இடத்திலேயே தகரக் கூரை போட்டுக் கடை திறக்கச் சிறு கடன் கேட்டு வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து முதலில் எடுத்தது அடையாள அட்டையை இல்லை, பாலிசியை. சாஸ்ரியா என்று எழுதியிருந்த வரியின் கீழே மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தார். "நீங்களும் ஒருதரம் படிச்சிருங்கம்மா" என்று என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, சத்தமாகவே படித்தேன்.